சட்ஜத்துக்குள் ஒரு காந்தாரம்: கீபோர்டில் ஆர்கன் நாதம் பற்றிய நெடிய விவாதம்

தேனியிலிருந்து கூடலூர் வரை, கம்பம் பள்ளத்தாக்கின் திருவிழா மேடைகளில் இன்னிசைக் குழுவின் கீபோர்டுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. 1970களின் பாட்டு ஒன்று வரிசையில் வந்துவிட்டால், வாசிப்பவரின் விரல் ‘ஆர்கன்’ பட்டியலுக்குப் போகும். டிராபார் ஆர்கன், ஜாஸ் ஆர்கன், ராக் ஆர்கன், சர்ச் ஆர்கன் என்று அங்கே டோன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்றை எடுத்து இரண்டு சுரம் வாசித்து, ஒட்டாமல் அடுத்ததற்கு நகர்வது மேடையில் வழக்கமான காட்சி.

அந்தச் சில நொடித் தேடலுக்குப் பின்னால் ஏறக்குறைய தொண்ணூறு வருடக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஆர்கனின் நாதம் எதில் குடியிருக்கிறது? எது வந்துவிட்டால், இன்னொரு கருவியில் அது வந்துவிட்டதாகச் சொல்லலாம்? பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், ஜாஸ் கலைஞர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் எனப் பலர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் வேலை. ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த ஒரு வட்டாரத்தின் காதில் அதே கேள்வி எப்படி மாறுகிறது என்பது இரண்டாவது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவதுதான்.

கூட்டினால் கிடைத்துவிடும்

முதல் விடை கணக்கிலிருந்து வந்தது. எந்தச் சீரான ஒலியையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற ஃபூரியேயின் கணிதத்தைக் காதுக்குப் பொருத்திக் காட்டியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1863இல் வந்த அவருடைய நூல், நாதத்தின் நிறம் அதிலுள்ள மேற்சுரங்களின் விகிதத்தால் அமைகிறது என்று வாதிட்டது. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் உள்ள வேறுபாடு இந்த விகிதம் என்றால், விகிதம் தெரிந்தவன் எந்த நாதத்தையும் சமைத்துவிடலாம். அமெரிக்கரான தாடியஸ் காஹில் இந்த நம்பிக்கையில் டெல்ஹார்மோனியம் என்ற சுமார் 200 டன் எடையுள்ள மின்னாக்கி இயந்திரத்தைக் கட்டி, 1906இல் நியூயார்க்கில் தொலைபேசிக் கம்பி வழியாக இசை அனுப்பினார்.

அதே எண்ணத்தை வீட்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கியவர் லாரன்ஸ் ஹாமண்ட். அவர் இசைக்கலைஞர் அல்ல, மின்கடிகாரம் செய்தவர். மின்சாரத்தின் அலைவெண்ணோடு பிசகாமல் சுற்றும் மோட்டார் அவருடைய கைவசச் சரக்கு. அந்த மோட்டார், விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய சிறு உலோகச் சக்கரங்களைக் காந்தங்களுக்கு எதிரே சுழற்றியது. பரவலாகப் புழங்கிய மாடல்களில் இப்படி 91 சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் ஏறக்குறைய மாசற்ற ஓர் அலையைத் தந்தது. 1934இல் காப்புரிமை, 1935இல் முதல் ஆர்கன் விற்பனைக்கு வந்தது.

சக்கரங்கள் தரும் அலைகளை எந்த அளவில் கலப்பது என்று வாசிப்பவர் தீர்மானிக்க வைத்தவைதான் டிராபார்கள். விசைப்பலகைக்கு மேலே ஒன்பது சிறு பட்டைகள். உள்ளே தள்ளியிருந்தால் மௌனம். வெளியே இழுக்க இழுக்க 1 முதல் 8 வரை சத்தம் கூடும். நம் சுரப்பெயரில் சொன்னால் எளிதில் விளங்கும். சட்ஜத்தை அழுத்தினால் இடமிருந்து வலமாக ஒன்பது பட்டைகளும் தருவது: கீழ் ச, ப, ச, மேல் ச, மேல் ப, இரண்டு ஸ்தாயி மேலே ச, அங்கே க, அங்கே ப, மூன்று ஸ்தாயி மேலே ச. தம்பூராவின் ஒரு மீட்டலுக்குள் காது தேடிக் கண்டுபிடிக்கிற சுரங்களைத் தனித்தனி கைப்பிடியாக்கி வைத்தது போன்ற ஏற்பாடு. ஒன்பது பட்டைக்கு ஒன்பது நிலைகள் என்றால் 38 கோடியே 74 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். அவற்றில் அடுத்தடுத்த பலவற்றைக் காது பிரித்தறியாது என்பதும் உண்மை.

இந்த விடையின் பலவீனம் பிறகு தெரிந்தது. எக்காளத்தின் ஒலியை 1960களில் கணினியால் பிரித்துப் பார்த்த ழான்-க்ளோத் ரிஸே, மேற்சுரங்களின் அளவு ஒலியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீராக இருப்பதில்லை என்று காட்டினார். நாதம் நிலையான விகிதம் அல்ல; பிறந்து வளர்ந்து தேய்வது. டிராபாரை எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும் ஒலி, ஊதுகருவியையோ தந்திக்கருவியையோ எட்டாததற்கு இது முக்கியக் காரணம். எனினும் ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. மற்றக் கருவிகளைப் போலிக்கத் தவறிய அந்தக் கூட்டல், தன்னளவில் ஒரு புதிய நாதத்தைப் பெற்றெடுத்துவிட்டது.

சிகாகோ ஆலயத்தில் ஒரு பரீட்சை

குழல் ஆர்கன் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள குழல் ஆர்கனுக்கு நிகர் என்று ஹாமண்ட் நிறுவனம் செய்த விளம்பரம் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் முன் வழக்காகப் போனது. 1937இல் சிகாகோ பல்கலைக்கழக ஆலயத்தில், அங்கிருந்த ஸ்கின்னர் குழல் ஆர்கனையும் ஹாமண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, இசைக்கலைஞர்களையும் மற்றவர்களையும் அடையாளம் சொல்லச் சொன்னார்கள். ஏறத்தாழ பாதி விடைகள் தவறு அல்லது ஊகம் என்றது ஹாமண்ட் தரப்பு. குழல் ஆர்கனையே ஹாமண்ட் போல ஒலிக்கும்படி வளைத்து வாசித்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. 1938இல் ஆணையம், குழல் ஆர்கனுக்குச் சமம் என்ற வகைக் கூற்றுகளைக் கைவிடச் சொன்னது.

எதிர்த்தரப்பின் அந்தக் குற்றச்சாட்டை நான் இந்த விவாதத்தின் மிக ஆழமான இடமாகக் கருதுகிறேன். இரண்டு கருவிகளை ஒப்பிட மூன்றாவதாக ஓர் அளவுகோல் வேண்டும். மூலத்தையே நகலின் பக்கம் சாய்க்க முடியுமானால் மூலம் என்பது எது? ஆணையத்தால் விளம்பர வாசகத்தைத் திருத்த முடிந்தது. இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய இடமும் அது அல்ல.

பழுதே நாதம்

1950களின் நடுவில் பி-3 மாடல் வந்தது. ஜிம்மி ஸ்மித் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அதைக் கையில் எடுத்தபின் விவாதம் தலைகீழாயிற்று. ஹாமண்ட் கருவியில் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒன்பது மின்தொடுப்புகள். விரல் இறங்கும்போது அவை ஒரே கணத்தில் சேருவதில்லை. இமைப்பொழுதில் முன்பின்னாக ஒட்டும்போது ‘டிக்’ என்று ஒரு சிறு வெடிப்பு எழும். நிறுவனத்துப் பொறியாளர்கள் இதைப் பழுதாக எண்ணிக் குறைக்க முயன்றார்கள். ஜாஸ் வாசிப்பவர்களோ அந்த வெடிப்பைத் தாளத்துக்குப் பயன்படுத்தினார்கள். பக்கத்துச் சக்கரங்களின் ஒலி மெல்லக் கசிவது, மின்தேக்கிகள் முதுமையால் அளவு மாறி நாதம் மங்குவது, பெருக்கி திணறிக் கரகரப்பது எல்லாமே குணங்களாக மதிக்கப்பட்டன.

இந்தக் கட்சியின் வாதம்: மாசற்ற அலைகளின் கூட்டு ஆர்கனின் எலும்புக்கூடு மட்டுமே, அழுக்குதான் சதை. 1990களின் இறுதியில் சக்கரங்களைக் கணக்காகவே உள்ளே சுழலவிடும் மாதிரியாக்கம் வந்தபோது, பொறியாளர்கள் இந்த அழுக்கைத்தான் விலை கொடுத்து வாங்கி வந்ததுபோல் அக்கறையாகச் சேர்த்தார்கள். 1997இல் வந்த ரோலண்ட் விகே-7, 2001இல் வந்த நார்ட் எலெக்ட்ரோ போன்றவை அந்த வழியில் நின்றவை. பெர்கஷன் என்னும் தட்டொலியை இயக்கினால் ஒன்பதாவது டிராபார் ஊமையாகிவிடும் என்ற பி-3இன் கட்டமைப்புச் சங்கடத்தைக்கூட நகல்கள் பயபக்தியோடு பின்பற்றுகின்றன.

இதன் பலவீனம், எந்தப் பழுது என்ற கேள்வி. ஒரே ஆலையில் செய்த இரண்டு ஹாமண்டுகள் நாற்பது ஆண்டு கழித்து ஒன்றுபோல ஒலிப்பதில்லை. 1955இன் புத்தம் புதிய கருவியை மூலம் என்பதா, 1975இல் இசைத்தட்டில் கேட்டு மனதில் பதிந்த முதிய கருவியை மூலம் என்பதா? பெரும்பாலான நகல்கள் இரண்டாவதைத் தேர்ந்தன. அது நினைவின் தேர்வு.

சுழலும் காற்று

இன்னொரு கூட்டம், நாதம் பெட்டிக்குள்ளேயே இல்லை, ஒலிபெருக்கியில் இருக்கிறது என்றது. டான் லெஸ்லி 1940களின் தொடக்கத்தில் செய்த பெட்டியில் ஒலிப்பான்கள் அசையாமல் இருக்கும். உச்ச சுரங்களுக்கு ஒரு கூம்பும், கீழ்ச் சுரங்களுக்கு ஓர் உருளையும் சுழன்று ஒலியை அறை முழுக்க வீசும். எல்லைக்கோடு 800 ஹெர்ட்ஸ் அளவில். கூம்பு காதை நோக்கி வரும்போது சுருதி இம்மியளவு ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. வேகமாகச் சுழன்றால் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. மெதுவிலிருந்து வேகத்துக்குப் போகும்போது இலேசான கூம்பு உடனே வேகம் பிடிக்கும். கனத்த உருளை சில நொடி தாமதித்துத் தொடரும். இந்த இடைவெளிதான் பல ரசிகர்களுக்கு ஆர்கன் ‘மூச்சு விடும்’ இடம். ஹாமண்ட் நிறுவனமோ அந்தப் பெட்டியை ஏற்காமல் ஒதுக்கியது.

மலிவு விலைக் கீபோர்டுகள் தடுமாறும் இடமும் இதுவே. பதிவு செய்த ஒலியைச் சுருதி மாற்றி ஒலிக்கும் சாம்பிள் முறையில், சுழற்சியும் சேர்த்தே பதிவாகியிருந்தால் சிக்கல் வரும். சுருதியை ஏற்றினால் பதிவு வேகமாக ஓடும். உள்ளிருக்கும் சுழற்சியும் கூடவே வேகமெடுக்கும். ஒரே பதிவிலிருந்து விரித்த ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்று கூம்புகள் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன. காது அதைக் குழப்பமான நடுக்கமாக உணரும். நல்ல கருவிகள் சுழற்சியில்லாமல் பதிந்து, எல்லா சுரமும் கலந்தபின் ஒரே ஒரு சுழற்சியைக் கணக்கிட்டுச் சேர்க்கின்றன.

இந்தக் கட்சியின் வரம்பு எளிதில் தெரிகிறது. லெஸ்லி பெட்டிக்குள் எதை அனுப்பினாலும், கிதாரை அனுப்பினாலும்கூட, அது அழகாகிறது. எல்லாவற்றையும் அழகாக்குவது ஒன்றின் தனி அடையாளமாக எப்படி இருக்கும்? பள்ளத்தாக்கில் இதற்கு வேறொரு பரிமாணமும் உண்டு. ஊர்ப் பொதுவிடங்களில் பாட்டு பல பத்தாண்டுகள் காதுக்கு வந்தது மைக் செட்காரரின் கூம்புக் குழாய் வழியாக. அது சுழலாது, கீழ்ச் சுரங்களை விழுங்கி, நடுச் சுரங்களைத் தூக்கிக் கொடுக்கும். இங்கே பலர் மனதில் ஆர்கன் ஒலி என்று தங்கியிருப்பதில் அந்தக் குழாயின் பங்கும் இருக்கக்கூடும்.

பண்ணைப்புரத்துப் பெட்டி

ஹாமண்ட் கருவி பீடம், மிதிகட்டையோடு சுமார் 190 கிலோ. அதன் சுருதி மின்சாரத்தின் அலைவெண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்திய மின்சாரம் 50. அமெரிக்காவுக்கெனச் செய்ததை இங்கே அப்படியே செருகினால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். 1 கட்டையை அழுத்தினால் கீழ் 6 கட்டை பேசும். மற்ற நாடுகளுக்கென 50 ஹெர்ட்ஸ் மாடல்களைத் தனியே செய்தார்கள். எப்படியானாலும், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவோ பாட்டுக் குழுவோ தூக்கிச் சுமக்கிற சாமான் அல்ல அது.

தூக்கிச் சுமந்தது ஆர்மோனியத்தை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி அசைக்கும் வடிவத்தைப் பரப்பியபின், அது சங்கரதாஸ் சுவாமிகள் மரபு நாடக மேடைக்கும், தேவாலயங்களுக்கும், பஜனை மடங்களுக்கும் பரவியது. மதுரைச் சீமையின் வள்ளி திருமண நாடகத்தில் ‘பெட்டி’ என்றாலே அதுதான். அமெரிக்க மதுரை மிஷன் 19ஆம் நூற்றாண்டில் கால்பதித்த பெரியகுளத்திலும், கத்தோலிக்கர் நிறைந்த ராயப்பன்பட்டியிலும் வழிபாட்டுப் பாடல் வேறொரு வழியாக, உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் இதே கருவிக் குடும்பத்தைப் பழக்கியது.

உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜாவின் இசை வாழ்க்கை, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் தொடங்கியது. 1958இல் போடிமலைக்கு அப்பாலுள்ள தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் பாடிய பிரசாரப் பாட்டுகள் இன்றும் பேசப்படுகின்றன. அந்தக் குழுக்களின் ஒலி ஆர்மோனியமும் தாளக் கருவிகளும். பின்னர் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, சலில் சௌத்ரி, ஜி.கே. வெங்கடேஷ் போன்ற இசையமைப்பாளர்களிடம் கிதாரும் ஆர்கனும் வாசித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பெட்டியிலிருந்து ஆர்கனுக்கு நகர்ந்த அந்தக் கைகள் இந்தப் பள்ளத்தாக்கின் கைகள் என்பதைக் கீபோர்டு பற்றிய பேச்சில் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் திரையிசைக் குழுக்களில் புழங்கிய ‘காம்போ ஆர்கன்’ ஹாமண்ட் வழியைச் சேர்ந்ததல்ல. 1962இன் வாக்ஸ் கான்டினென்டல், 1960களின் இத்தாலிய ஃபார்ஃபிசா, 1970ஐ ஒட்டிய யமஹா ஒய்சி வரிசை ஆகிய இவை டிரான்சிஸ்டர் கருவிகள். மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களுக்கு மட்டும் அலையாக்கி. அதை இரண்டு இரண்டாக வகுத்துக் கீழ் ஸ்தாயிகள். ஒருவரே தூக்கி காரில் வைக்கலாம். ஒலி மெலிந்து, கூர்மையாக, சற்றே மூக்கால் பேசுவது போலிருக்கும். மேற்கத்திய ரசிகர்கள் நெடுங்காலம் இதை ஹாமண்டின் ஏழை உறவினராகவே பார்த்தார்கள். மின்கருவியின் மூக்கொலி இந்தியத் திரையிசைக்கு அப்போது புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1954இன் ‘நாகின்’ இந்திப் படத்தில் மகுடி ஒலியைத் தந்தது கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின். 1960களின் தமிழ்ப் பாட்டுகளில் நிறைந்திருந்த அக்கார்டியனும் ஆர்மோனியத்தைப் போல உலோக நாக்கு அதிர்ந்து பேசும் கருவியே.

காந்தாரக் கணக்கு

மேலே சொன்ன ஏழாவது டிராபாருக்குத் திரும்புவோம். சட்ஜத்தை அழுத்தும்போது அது தரும் காந்தாரம் எங்கிருந்து வருகிறது? தனியாக ஒரு சக்கரம் கிடையாது. காந்தாரக் கட்டைக்கென இருக்கும் சக்கரத்தையே கடன் வாங்குகிறது. அந்தச் சக்கரமோ பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரித்த மேற்கத்திய சமனச் சுருதியில் இருப்பது. ஒரு அரைச்சுரத்தை 100 சென்டாகக் கொண்டால், சட்ஜத்திலிருந்து அது 400 சென்ட் உயரம். தம்பூராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரம் 386 சென்ட். அதாவது ஹாமண்டின் சட்ஜத்துக்குள் இருக்கும் காந்தாரம் 14 சென்ட் கூடுதல். பஞ்சமத்தில் பிசகு 2 சென்ட் மட்டுமே, காதுக்கு உறுத்தாது.

ஆர்மோனியத்தின் உலோக நாக்கு வேறு மாதிரி. துருத்தியின் காற்றில் அது சீராக அதிர்வதால் அதன் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக விழும். எனவே ஆர்மோனியத்தின் ஒற்றைச் சட்ஜத்துக்குள் இருப்பது தம்பூராவின் காந்தாரம். ஆனால் தனியாக அழுத்தும் காந்தாரக் கட்டை பெரும்பாலும் சமனச் சுருதியில் இருக்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் உள்ளே ஒரு உரசல். மத்திய ஸ்தாயி 1 கட்டையை எடுத்துக்கொண்டால், சட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு சுமார் 1308 ஹெர்ட்ஸ். காந்தாரத்தின் நான்காம் மடங்கு சுமார் 1318.5. நொடிக்குப் பத்து முறை துடிக்கும் ஒரு மெல்லிய அலைச்சல் அங்கே பிறக்கிறது. ஹாமண்டில் அந்த இரண்டும் ஒரே சக்கரம், துடிப்புக்கு இடமில்லை. அதனால்தான் அதன் கூட்டுச்சுரங்கள் பளிங்கு போல் அசையாமல் நிற்கின்றன. அதை அசைக்க லெஸ்லி தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காம்போ ஆர்கன் இதில் எந்தப் பக்கம்? அதன் அலை சைன் அலை அல்ல, மேற்சுரங்கள் இயல்பாகவே அடங்கிய கூரான அலை. அந்த மேற்சுரங்கள் முழு எண் மடங்குகள். ஆகவே ஒரு சுரத்துக்குள் அது துல்லியம். இரண்டு சுரம் சேர்ந்தால் உரசுகிறது. கணக்கின்படி பார்த்தால் காம்போ ஆர்கன் ஹாமண்டைவிட ஆர்மோனியத்துக்கு நெருங்கிய சொந்தம். பெட்டி கேட்டு வளர்ந்த காதுக்கு 1970களின் காம்போ ஒலி அந்நியமாகப் படாமல் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். பாட்டின் மெட்டும் சொல்லும் செய்த வேலையிலிருந்து இதைப் பிரித்தெடுப்பது கடினம்.

ஆர்மோனியத்தின் மேல் இருந்த பழைய வழக்கும் இங்கே தலைகாட்டுகிறது. கமகம் பேசாது, சுருதி சமனப்பட்டது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. அந்தக் கண்டனம் கட்டைகளின் சுருதியைப் பற்றியது. ஒரு சுரத்துக்குள் இருக்கும் மேற்சுரங்களைப் பற்றி அது பேசவில்லை. அந்த இரண்டாம் அடுக்கில் ஆர்மோனியம் குற்றமற்றது. நேர்மாறாக, பண்டிட் பிராண்நாத்தின் சீடரான அமெரிக்கர் டெரி ரைலி, யமஹா ஒய்சி-45டி காம்போ ஆர்கனையே இயற்கைச் சுருதிக்கு மாற்றிக்கொண்டு ‘ஸ்ரீ கேமல்’ இசைத்தட்டை வாசித்தார். கருவியின் சுருதி தலைவிதி அல்ல என்பதற்கு அது நல்ல சான்று.

இன்றைய நல்ல கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. காந்தாரக் கட்டையை 14 சென்ட் இறக்கினால் ராகம் இனிக்கும் என்று அதைப் பயன்படுத்துவோர் உண்டு. டிராபார் ஆர்கன் டோனில் அதைச் செய்யும்போது எச்சரிக்கை வேண்டும். ஏழாவது டிராபார் திறந்திருந்தால், சட்ஜத்துக்குள் பதிந்துள்ள காந்தாரம் பழைய உயரத்திலேயே நிற்கும். இறக்கிய கட்டை அதோடு மோதும். துடிப்பே இல்லாத கருவியில் புதிதாக ஒரு துடிப்பை நாமே உண்டாக்குகிறோம். அந்த ஒரு பட்டையை உள்ளே தள்ளிவிட்டால் தொல்லை பெருமளவு தீரும்.

விரலுக்கு எட்டுவது

இறுதியாக ஒரு கட்சி, ஒலியைவிடக் கைப்பிடியே முக்கியம் என்கிறது. டிராபாரின் பயன், வாசிக்கும்போதே ஒரு கை அதை இழுப்பதில் இருக்கிறது. பாட்டின் நடுவே நாதம் நிறம் மாறுகிறது. மேடைகளில் பரவலாகக் காணும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போன்ற சாம்பிள் கீபோர்டில் டிராபார் ஆர்கன் என்பது ஒரு பெயர். அந்தப் பட்டைகளை யாரோ எங்கோ ஒரு முறை இழுத்து வைத்த நிலையின் நிழற்படம். யமஹாவின் உயர்விலைக் கருவிகள் திரையில் டிராபார்களைக் காட்டி நகர்த்த விடுகின்றன. கேசியோ சிடிகே-7000 ஒன்பது நகர்த்திகளையே பலகையில் வைத்தது. 1983இன் யமஹா டிஎக்ஸ்7 சைன் அலைகளால் ஆர்கன் செய்தபோது, அவை ஆறு மட்டுமே.

இந்த வாதத்தில் நியாயம் அதிகம். ஆர்மோனியக்காரரும் வாசிக்கும் நடுவே ஸ்டாப்பரை இழுப்பார், இரட்டை ரீடைத் திறப்பார், துருத்தியை அழுத்தி வேகம் கொடுப்பார். அந்த ஸ்டாப்பர் குமிழ்கள் டிராபாரின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். பலவீனம், மேடையின் நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு கீபோர்டில் வயலின், புல்லாங்குழல், ஆர்கன் எல்லாவற்றையும் மாற்றி மாற்றித் தர வேண்டிய கச்சேரியில், பட்டை இழுக்க மூன்றாவது கை கிடையாது.

தீராமல் நிற்பவை

மாதிரியாக்கம் ஹாமண்டை எட்டிவிட்டதா என்பது இன்று பெருமளவு தீர்ந்த வழக்கு. கூட்டத்தின் நடுவே, பெருக்கிகளின் வழியே கேட்கும்போது வேறுபாடு சொல்வது அரிது. தீராதது, அதே அக்கறையைக் காம்போ ஆர்கனும் ஆர்மோனியமும் பெற்றனவா என்பது. 2020இல் வந்த யமஹா ஒய்சி61, சக்கர ஆர்கனோடு டிரான்சிஸ்டர் வகை ஆர்கன் ஒலியையும் சேர்த்தது ஒரு நல்ல அறிகுறி. இந்தியச் சந்தைக்கான கீபோர்டுகளில் ஆர்மோனியம் டோன் நிச்சயம் இருக்கிறது. ஆனால் துருத்தியின் அழுத்தம் ஏற ஏற நாதத்தின் நிறம் மாறும் விதத்தை ஒரு நிலையான பதிவு எவ்வளவு தரும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சக்கரத்தின் கசிவைக் கணக்கிட்ட உழைப்பில் ஒரு பங்கு இந்த நாக்குக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, அளவுகோல். 1937இன் பரீட்சையை இந்தப் பள்ளத்தாக்கில் திரும்ப நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சீர்செய்த ஹாமண்டும் லெஸ்லியும். இன்னொரு பக்கம் 1970களின் காம்போ ஆர்கன். மூன்றாவதாக இரட்டை ரீட் ஆர்மோனியம். நான்காவதாக இன்றைய கீபோர்டு. நான்கும் ஒரே பாட்டின் ஒரே இடையிசையை, ஒருமுறை நல்ல ஒலிபெருக்கியிலும் ஒருமுறை மைக் செட் குழாயிலும் வாசிக்க வேண்டும். கேட்பவர்களிடம் எது அசல் என்று கேட்பதைவிட, எது அந்தப் பாட்டில் இருந்தது என்று கேட்பது பொருத்தம். அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே கருவியைக் காட்டுவார்களா, குழாய்க்கு மாறியதும் விடை மாறுமா என்பது அங்கேதான் தெரியும்.